முயல் மசால் வந்த வழி



ராஜபாளையம், ஸ்ரீவில்லிப்புத்தூர் பக்கம் செவல் காட்டில் மானாவாரி செய்கிறவர்களுக்குச் சித்திரை, வைகாசி என்றாலே கவலைதான். பால்கோவாவுக்குப் பால் வேண்டும் என்று கேட்டு ஆள் வருவார். மாட்டுக்குப் போடப் பச்சை இருக்காது. வெறும் சோளத்தட்டையைத் தின்கிற மாடு எங்கிருந்து பால் கறக்கும்? இந்தக் குறைக்கு ஏற்ற பயறுவகைத் தீவனம் முயல் மசால். குதிரை மசாலுக்குக் கிணற்றுப் பாசனம் வேண்டும். இதற்கு மழை போதும். இதில் புரதம் 16 முதல் 18 சதம் வரை உண்டு.

இது தென் அமெரிக்காவின் காட்டுச் செடி. இதன் ஓர் இனம் யாரும் திட்டமிட்டுக் கொண்டுபோகாமலே ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. டவுன்ஸ்வில் ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மாடுகள் விரும்பித் தின்னவே, பல லட்சம் ஏக்கரில் பரப்பினார்கள். 1970களில் வந்தது பாருங்கள், ஆந்த்ராக்னோஸ் நோய்! நம் மிளகாய்ப் பழத்தை அழுக வைக்கிறதே, அந்தக் குடும்பத்துப் பூஞ்சாணம்தான். மேய்ச்சல் காடெல்லாம் கருகிப் போயிற்று. ஒரே இனத்தை நம்பியதற்குக் கொடுத்த விலை அது.

பிறகு அவர்கள் வேறு இனங்களுக்கு மாறினார்கள். வெனிசுலாவிலிருந்து வந்த வெரானோ 1973இலும், பிரேசிலிலிருந்து வந்த செக்கா 1976இலும் வெளியாயின. ஸ்பானிய மொழியில் வெரானோ என்றால் கோடை. போர்த்துகீசிய மொழியில் செக்கா என்றால் வறட்சி. நமக்கென்றே பெயர் வைத்தது மாதிரி இல்லையா?

இந்தியாவில் 1962இல் ஜான்சியில் தொடங்கிய புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் இந்த இனங்களை ஆராய்ந்தது. விதை உற்பத்தியில் முன்னே போனவர்கள் அனந்தப்பூர் விவசாயிகள். நம்மைப் போலவே மழைக்கு ஏங்குகிற சீமை அது.

ஒரு வேடிக்கை கேளுங்கள். இதே சாதிச் செடி ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தானாகவே முளைத்துக் கிடக்கிறது. ஆடு அதைக் கண்டுகொண்டது, நாம்தான் கண்டுகொள்ளவில்லை. கடல் தாண்டி வந்த பிறகே அதன் உறவுக்காரனுக்கு மதிப்பு!

புரட்டாசி மழையில் ஏக்கருக்கு 4 கிலோ தூவலாம். விதைத்தோல் கெட்டி. 80 டிகிரி சூட்டு வெந்நீரில் 4 நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள். அப்படியே விதைத்தால் பாதிகூட முளைக்காமல் போகலாம். 75 நாளில், பூக்கும் தருணத்தில் முதல் அறுப்பு. முதல் வருஷம் செடி மெதுவாகத்தான் வளரும். ‘இது தேறாது’ என்று உழுதுவிடாதீர்கள். விதை உதிர்ந்து, அடுத்த மழைக்குத் தானே அடர்ந்து வரும்.