கிப்ஸ் திரும்பி வந்தார், வெற்றி திரும்பி வரவில்லை

அமெரிக்கக் கால்பந்து என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிமோதும் ஆட்டம் என்ற அளவில்தான் நம்மில் பலருக்கும் தெரியும். ஆனால் காமர்ஸ் படிப்பவர்களுக்கு அதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் (2022 முதல் கமாண்டர்ஸ்) அணியின் 2004ஆம் ஆண்டு சீசன்.

முதலில் ஆளைப் பற்றி. ஜோ கிப்ஸ் 1981 முதல் 1992 வரை அந்த அணியின் பயிற்சியாளர். 124 வெற்றி, 60 தோல்வி, மூன்று சூப்பர் பவுல். மூன்றிலும் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வேறு வேறு ஆள்! 1993 மார்ச்சில் விலகி, தன் கார் பந்தய அணியைக் கவனிக்கப் போய்விட்டார். அவர் இல்லாத 11 சீசன்களில் அணி பிளே-ஆஃப் போனது ஒரே ஒரு முறை. உரிமையாளர் டேனியல் ஸ்னைடர் 2004 ஜனவரியில் அவரை மறுபடி கூட்டி வந்தார். அப்போது கிப்ஸுக்கு வயது 63.

ஆரம்பம் அமர்க்களம். டென்வரிலிருந்து வந்த கிளின்டன் போர்டிஸ், முதல் முறை பந்தை வாங்கியதுமே 64 கஜம் ஓடி டச்டவுன் அடித்தார். டாம்பா பே அணியை 16-10 என்று ஜெயித்தார்கள். அப்புறம்? வரிசையாக நான்கு தோல்வி. கடைசியில் 6 வெற்றி, 10 தோல்வி.

எங்கே உதைத்தது? தற்காப்பில் இல்லை. 16 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது 265 புள்ளிகள்தான். ஆனால் எடுத்ததோ 240, ஆட்டத்துக்கு வெறும் 15. கிப்ஸ் விரும்பி வாங்கிய மார்க் புரூனெல் எறிந்த 237 பந்துகளில் 118தான் போய்ச் சேர்ந்தன. சீசன் பாதியில் அவரை உட்கார வைத்துவிட்டு பேட்ரிக் ராம்சேயை இறக்கினார்கள்.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு. கிப்ஸ் விலகிய 1993இல்தான் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை வந்தது. 1994இல் சம்பள உச்சவரம்பு வந்தது. அதற்கு முன் பணக்கார முதலாளி நல்ல ஆட்களை பெஞ்சிலேயே சேர்த்து வைக்கலாம். 1987 சீசனின் சூப்பர் பவுலை ஜெயித்துத் தந்த டக் வில்லியம்ஸ், அந்த சீசனை மாற்று ஆட்டக்காரராகத் தொடங்கியவர்தான். 2004இலோ ஓர் அணியின் வரம்பு சுமார் 8 கோடி டாலர். போர்டிஸ் வேண்டுமென்றால் சாம்ப் பெய்லியைக் கொடுத்தாக வேண்டும். ஒரு தேர்வு தப்பினால் ஈடுகட்டப் பெரிய கையிருப்பு இல்லை.

கிப்ஸ் சோர்ந்துவிடவில்லை. 2005இல் அதே புரூனெலை வைத்து 10-6, பிளே-ஆஃப். 2006இல் மறுபடி 5-11. 2007இல் 9-7, பிளே-ஆஃப். 2008 ஜனவரியில் விடைபெற்றார். இரண்டாம் முறை மொத்தக் கணக்கு 30-34.

'நற்பெயர்' என்பதைக் கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று கணக்கியலில் படிக்கிறோம். ஸ்னைடர் வாங்கியது அதைத்தான். அந்தப் பெயர் உண்மையானது. ஆனால் அது சம்பாதிக்கப்பட்ட சந்தை வேறு, செலவழிக்கப்பட்ட சந்தை வேறு.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது, நண்பர்களே?