மலைக்காடும் மன்னார்க் கடலும்

மலைநாட்டில் வாழும் நமக்கும் மன்னார்க் கடலுக்கும் உள்ள தொடர்பு யாது எனச் சிலர் வினவலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்தினின்றும் வந்த நம் முன்னோருட் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். இந்நாட்டில் அவர்கள் முதலில் மிதித்த மண் அக்கரையே. அதனை அடுத்த கடலிலே இன்று எழுந்துள்ள வினாவுக்கு, நமது மலைகளின் வரலாறு ஓரளவு விடை தருகின்றது.

கோப்பிச் செய்கைக்காக மலைக்காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அச்செய்கையையே பின்னர் வீழ்த்தியது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1873இல் தாவரவியலறிஞர் யோசேப்பு டால்டன் ஊக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தலாகாது என அறிவுறுத்தினார். அரசும் அதற்கிணங்க ஆணை பிறப்பித்தது. ஆறுகளின் ஊற்றுக்கண்ணாகிய ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. ஆயினும், அவ்வாணை பிறக்கு முன்னரே தாழ்ந்த சரிவுகளின் காடுகளுட் பெரும்பகுதி மறைந்துவிட்டது. காவல் வந்தது, காலந்தாழ்ந்து வந்தது.

இனி மன்னாரை நோக்குவோம். அங்குள்ள முருகைக் கற்பாறைகள் நுண்ணுயிர்ப் பாசிகளோடு கூடிவாழும் சிற்றுயிர்களின் படைப்பாகும். அவை மீனினங்களுக்கு உறைவிடம், கரைக்கு அரண். தமிழகக் கரையோரமாக உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986இல் கடல்சார் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்பிற்காக முருகைக்கல் அகழப்பட்டமையால், அத்தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. இலங்கையிலோ, கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும்பார் 1992இல் சரணாலயமாயிற்று. 1998இல் கடல்நீர் வெப்பமுற்றதால் அதன் ஆழங்குறைந்த பகுதி வெளிறிப் பெரிதும் மடிந்தது.

இக்கடலின் அடியிலே பெற்றோலியம் தேடும் முயற்சியும் பழையதே. 1970களில் மன்னார்த் தீவின் பேசாலையில் துளையிடப்பட்டது. 2011இல் ஆழ்கடலில், 1,300 மீற்றருக்கும் மேற்பட்ட நீரின் கீழ், டொராடோ எனப்பட்ட கிணற்றிலே இயற்கை வாயு காணப்பட்டது. அது இன்னும் வணிக முறையில் எடுக்கப்படவில்லை.

அக்கிணறு பார்களுக்கு அண்மையில் இல்லையே என்பார் உளர். அது மெய்யே. ஆயினும், வாயு கரைக்கு வரவேண்டுமாயின் குழாய் ஆழங்குறைந்த கடலைக் கடந்தே வரவேண்டும். குழாய்க்கென அகழும் சேறு முருகையின்மேற் படிந்து ஒளியைத் தடுக்கும். ஒளியின்றிப் பாசி வாழாது. நங்கூரம் பாறையை உடைக்கும். எண்ணெய்க் கசிவு நேரின் நீரோட்டம் அதனை எங்கும் பரப்பும். வெப்பத்தால் நலிந்த பாறை இச்சுமையையும் தாங்குமோ?

நாட்டிற்கு எரிபொருள் வேண்டும். மீனவனுக்குக் கடல் வேண்டும். இரண்டையும் காக்கும் வழி, தொழில் தொடங்குமுன் பார்களை அளந்து எல்லை வகுத்தலே. குழாயின் பாதையையும் இறங்குதுறையையும் அவ்வெல்லைக்கு வெளியே அமைத்தல் அன்று இயலும். முதலீடு பெருகிய பின்னர் அது அரிது. 1873இன் ஆணை கோப்பிக்கு முன்னே பிறந்திருப்பின் நம் மலைகள் எவ்வாறிருந்திருக்கும்? அழிந்த காட்டைப் பற்றி நாம் கேட்கும் இவ்வினாவை, அழியாத பாரைப் பற்றி நம் மக்கள் கேட்கும் நிலை வாராதிருப்பதாக.