தாழ் போட்டது யாரு?

நெடுநல்வாடை அகமா புறமா என்று விசாரித்தே எங்கள் எம்.ஏ. வகுப்பில் பல வாரங்கள் ஓடிப்போயின. பாசறையில் வேலுக்குக் கட்டிய வேப்பந்தழை பாண்டியனின் அடையாளப்பூ, ஆகவே பாட்டு அகமாகாது என்பது நச்சினார்க்கினியர் கட்சி. அந்த வழக்கு ஒருபக்கம் நடக்கட்டும். 1889இல் உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சேற்றிய நாளிலிருந்து நம் கையில் இருக்கும் இந்த 188 அடிகளுக்குள் இன்னொரு வரலாறும் கிடக்கிறது: ஐப்பசி, கார்த்திகைக் கூதிருக்கு ஒரு பெரிய வீட்டை எப்படித் தயார் செய்தார்கள்?

மேல்மாடத்தில் வேனிற்காலப் படுக்கையறை. தென்றல் வரும் அதன் சாளரக் கதவுகள் தாழிட்டுக் கிடக்கின்றன. விசிறிகளைச் சுருக்கி மாட்டியாயிற்று. சிலந்தி நூல் கட்டிவிட்டது. சந்தனம் அரைக்கும் வட்டக்கல் சும்மா கிடக்கிறது. வேறு கல்லில் வேறு வாசனைக் கூட்டு அரைபடுகிறது. குறுகிய வாய்ச் செம்பில் தண்ணீர் குடிப்பாரில்லை. அகன்ற வாயுடைய தடவு என்னும் நெருப்புச் சட்டியைச் சுற்றி எல்லாரும் குளிர்காய்கிறார்கள்.

புலவர் ஒன்றைத் தவறாமல் சொல்கிறார்: பொருளைச் செய்தவன் யார், அது எங்கிருந்து வந்தது என்பதை. விசிறி கைதேர்ந்த கம்மியன் செய்தது. வட்டக்கல் வடவர் தந்தது. பாவை விளக்கு யவனர் வேலை. ஆனால் தாழ் போட்டது யாரு? சட்டியில் நெருப்பு மூட்டியது யாரு? வாசனை அரைக்கும் இடத்தில் மட்டும் 'தொழுவர்' என்று ஏவலாட்கள் ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறைகிறார்கள். மற்ற இடங்களில் கதவு தானே கிடக்கிறது, விசிறி தானே தொங்குகிறது. ஆக்கியவனுக்குப் பிரதியில் இடமுண்டு; பராமரிப்பவர்களுக்கு இலக்கணத்தில்கூட இடமில்லை. (இதைக் கல்வெட்டு போலப் படிக்க முடியாதுதான்; செய்யுள் மரபென்று ஒன்று இருக்கிறது. ஆனால் மரபு யாரை விட்டுவிடுகிறது என்பதும் தடயம்தானே?)

ஊருக்கு வெளியே கோவலருக்கு மூட ஒரு சாளரமும் இல்லை. மழை வெள்ளத்தால் மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிப் போனவர்கள் அவர்கள். கொள்ளிக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கன்னம் நடுங்க நிற்கிறார்கள். இங்கே நெருப்பு மூட்டியது யாரென்ற சந்தேகமே எழவில்லை.

அந்த யவன விளக்குக்குத் திரும்புவோம். பாவையின் கையிலுள்ள அகல் நிறைய நெய் வார்த்து, பருத்த திரியைக் கொளுத்தி, நெய் வற்ற வற்ற மறுபடி சரிசெய்கிறார்கள் என்கிறது பாட்டு. வினைகள் வரிசையாக வருகின்றன, எழுவாய் கிடையாது. அறைக்கு அறை இருள் நீங்க வேண்டுமென்றால் இரவு முழுக்க யாராவது விழித்திருக்க வேண்டும். பாட்டின் கடைசியில் அரசன் நடுயாமத்திலும் படுக்காமல், தூறலில் சிலரோடு, புண்பட்ட வீரர்களைப் பார்த்துவருகிறான். அந்த விழிப்பை வியக்கும்படி எங்களுக்குப் பாடம் நடந்தது. அதே யாமத்தில் அரண்மனையில் நெய் ஊற்றிக்கொண்டிருந்த ஆளும் தூங்கவில்லை.