வீட்டுப் பலகாரமும் உலகச் சந்தையும்: இனிப்புப் பண்டங்களின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

உணவு பற்றிய ஆய்வு நம்மிடையே பெரும்பாலும் நாட்டார் வழக்காற்றியலின் ஓர் உட்பிரிவாகவோ, பண்பாட்டுப் பெருமை பேசுவதற்கான வாய்ப்பாகவோ மட்டுமே கருதப்பட்டு வந்துள்ளது. அதிலும் வீட்டில் செய்யப்படும் இனிப்புப் பண்டங்கள் வரலாற்றாசிரியனின் கவனத்துக்கு உரியனவாக எண்ணப்பட்டமை மிகவும் அருமை. அவை அடுக்களைக்குரியவை, பெண்களுக்குரியவை, ஆகவே வரலாற்றுக்குப் புறம்பானவை என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகும். ஆயினும் ஒரு சமூகத்தின் உற்பத்தி உறவுகளும் அவற்றின் மாற்றங்களும் மிகத் தெளிவாகப் பதிந்துள்ள இடங்களுள் அடுக்களையும் ஒன்று என்பதை மறுத்தற்கில்லை.

சமையற் புத்தகங்களிலும் சஞ்சிகைகளின் மகளிர் பகுதிகளிலும் 'எளிய முறையில் வீட்டிலேயே செய்யக்கூடிய இனிப்புகள்' என்னும் தொடரை நாம் அடிக்கடி காண்கின்றோம். ஒரு கோப்பை சீனி, ஒரு கோப்பை மா, இரண்டு முட்டை, சிறிது அப்பச்சோடா, அரைமணி நேரம்: கேக் ஆயத்தமாகி விடுகிறது. இந்த எளிமை எங்கிருந்து வந்தது? யாருடைய உழைப்பு எங்கே மறைக்கப்பட்டதனால் இது எளிதாயிற்று? இவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரையாகும்.

1. பண்டைய நிலை

கரும்பிலிருந்து கட்டிச் சர்க்கரை செய்யும் நுட்பம் இந்தியத் துணைக்கண்டத்திலேயே வளர்ச்சி பெற்றது. சர்க்கரை, கண்டு ஆகிய சொற்களின் வடமொழி மூலங்களே பல ஐரோப்பிய மொழிகளிற் சென்று வழங்குகின்றன. சங்க இலக்கியத்தில் அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்தனர் என ஒளவையார் பாடுவது (புறநானூறு 99) பலரும் அறிந்த செய்தி. பெரும்பாணாற்றுப்படை ஆலைகளின் இரைச்சலையும் சாறு காய்ச்சும் புகையையும் குறிப்பிடுகின்றது. மதுரைக்காஞ்சி அடையும் மோதகமும் விற்ற கூவியர் இரவு வணிகம் முடித்து உறங்குவதைக் காட்டுகின்றது.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மதுரைக்காஞ்சியின் மோதகம் இல்லத்துப் பண்டமன்று. அது நகர அங்காடியின் பண்டம். அதனைச் செய்வோர் தனித்த ஒரு தொழிற் பிரிவினர். பிற்காலத்தில் ஆண்டாள் தன் பாசுரத்தில் நூறு தடா அக்கார அடிசிலை நேர்ந்துகொள்ளும்பொழுது இனிப்பு இறைவனுக்குரிய படையலாகின்றது. அங்காடி, அரண்மனை, கோயில் ஆகிய மூன்றுமே உபரி வந்து குவியும் இடங்கள். மிகுதியான இனிப்பும் அங்கேதான் குவிந்தது. உழுதுண்ணும் குடிக்கு இனிப்பு திருநாளுக்குரியதாகவே இருந்தது. நாள்தோறும் ஒவ்வொரு வீட்டிலும் இனிப்பு என்பது முதலாளித்துவ யுகம் தந்த நிலையாகும்.

2. அத்திலாந்திக் கரும்பும் ஆங்கிலக் கேக்கும்

இம்மாற்றத்தின் களம் மேற்கிந்தியத் தீவுகளே. அங்கு ஆபிரிக்காவிலிருந்து கடத்தப்பட்ட அடிமைகளின் உழைப்பிற் சீனி உற்பத்தியாயிற்று. கரும்பு வெட்டப்பட்டவுடன் பிழியப்படாவிடின் அதன் இனிப்புக் குறையும். எனவே தோட்டமும் ஆலையும் ஒரே இடத்தில், ஒரே கால ஒழுங்கில், இரவு பகலாக இயங்க வேண்டியிருந்தது. ஐரோப்பியத் தொழிற்சாலைகள் தோன்றுமுன்னரே தொழிற்சாலையின் ஒழுங்கு கரும்புத் தோட்டத்தில் உருவாகி விட்டது என சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளியிட்ட தம் நூலில் வாதிடுவது இதனாலேயே. பிரித்தானியாவில் ஆளொருவருக்கான ஆண்டு நுகர்வு 1700ஆம் ஆண்டளவில் 4 இறாத்தல்; 1800ஆம் ஆண்டளவில் 18 இறாத்தல்; அந்த நூற்றாண்டு முடிவில் ஏறத்தாழ 90 இறாத்தல்.

அடிமை உழைப்புக்கும் பிரித்தானிய மூலதனத் திரட்சிக்குமுள்ள தொடர்பை எரிக் வில்லியம்ஸ் 1944இலேயே விளக்கியுள்ளார். ஆயின் இவ்வரலாற்றின் ஒரு நிகழ்ச்சி நமது பொருளுக்கு நேரடியாக உரியது. 1791இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதா பிரித்தானியப் பாராளுமன்றத்தில் தோல்வியுற்றபோது, மேற்கிந்தியச் சீனியை வாங்காது விடுமாறு வேண்டிய துண்டுப்பிரசுரங்கள் நாடெங்கும் பரவின. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் சீனியைக் கைவிட்டனர் எனத் தோமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வாக்குரிமையற்ற பெண்களே இவ்வியக்கத்தின் உயிர்நாடியாக விளங்கினர். என்ன இனிப்பைச் சமைப்பது, எதனைச் சமைக்காது விடுவது என்னும் முடிவு அரசியல் முடிவாகியது. அடுக்களை வரலாற்றுக்குப் புறம்பானது என்போர்க்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை. அதே ஆண்டில் சென் டொமிங்கோவின் அடிமைகள் தாமே கிளர்ந்தெழுந்து, 1804இல் சுதந்திர ஹெயிற்றி நாட்டை நிறுவினர். உலகின் மிகப்பெரிய சீனி உற்பத்திக் குடியேற்றம் இவ்வாறு வீழ்ந்தது. அடுக்களையின் மறுப்பு மனச்சான்றின் குரலாயின், தோட்டத்தின் கிளர்ச்சியே அமைப்பைத் தகர்த்த ஆற்றலாகும்.

மேற்கிந்தியச் சீனியை மறுத்தோர் பலர் மாற்றாகக் 'கிழக்கிந்தியச் சீனி'யை நாடினர். அடிமைகளால் செய்யப்படாதது என அது விளம்பரம் செய்யப்பட்டது. கும்பெனியாட்சியில் வங்காளத்து உழவன் எந்நிலையில் இருந்தான் என்பதை அவர்கள் கேட்கவில்லை. இன்று பொட்டலத்தின் மேல் ஒட்டப்படும் நற்சான்றை மட்டும் நம்பி மன அமைதி கொள்ளும் நுகர்வோனின் முன்னோடியை நாம் இங்கேயே காண்கிறோம்.

1834இல் அடிமை முறை ஒழிந்தது. இழப்பீடாக வழங்கப்பட்ட இரண்டு கோடி பவுண் அடிமைகளின் உடைமையாளருக்கே சென்றது; உழைத்தவர்க்கு எதுவுமில்லை. அதற்காகப் பெறப்பட்ட கடன் 2015இலேயே முற்றாகத் தீர்க்கப்பட்டது. அடிமைகளின் இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் வந்தனர்: மொரீசியசுக்கு 1834இலும், நேற்றாலுக்கு 1860இலும், பிஜிக்கு 1879இலும். இவர்களுள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து சென்றோர் கணிசமானவர். பிஜியின் கரும்புத் தோட்டங்களிற் பெண்கள் பட்ட துயரைப் பாரதி பாடியதை நாம் இரக்கச் சுவைக்கு எடுத்துக்காட்டாகக் கற்பித்து வந்துள்ளோம். அதனை உலகச் சந்தையின் இயக்கத்துக்குத் தமிழ்க் கவிதை காட்டிய முதல் எதிர்வினைகளுள் ஒன்றாகவும் கற்பித்தல் வேண்டும். இலங்கையின் மலையகத்திலோ 1867இலிருந்து தேயிலை வளர்ந்தது. தேயிலையும் சீனியும் ஆங்கிலத் தொழிலாளியின் கிண்ணத்திற் கலந்தபோது, அவ்விரண்டிலும் தமிழ்க் கூலியின் உழைப்பும் கலந்திருந்தது.

சீனி மீதான சுங்கவரி 1874இல் பிரித்தானியாவில் முற்றாக நீக்கப்பட்டது. மலிந்த சீனியோடு புதிய நுட்பங்களும் இணைந்தன. அதற்கு முன் கேக் பொங்க வேண்டுமாயின் நொதியம் வேண்டும். அன்றேல் முட்டையை நெடுநேரம் அடித்துக் காற்றை அடக்க வேண்டும். பழைய சமையற் குறிப்புகள் ஒரு மணி நேரம் அடிக்குமாறு சாதாரணமாகக் கூறுகின்றன. அடித்தவள் வீட்டுத் தலைவியல்லள், பணிப்பெண். 1843இல் பேர்மிங்காமைச் சேர்ந்த அல்பிரட் பேர்ட் காரமும் அமிலமும் சேர்ந்த பேக்கிங் பவுடரை உருவாக்கினார். ஈரமும் சூடும் பட்டவுடன் அது காபனீரொட்சைட்டை வெளியிட, மா பொங்குகின்றது. பணிப்பெண்ணின் ஒரு மணி நேரத்தை ஒரு தேக்கரண்டித் தூள் ஈடுசெய்தது. பணிப்பெண்ணை வைத்திருக்க இயலாத நடுத்தர வர்க்கத்துப் பெண்ணும் இனிக் கேக் செய்யலாம். 1861இல் நூலாக வெளிவந்த பீற்றன் அம்மையாரின் இல்லறக் கையேடு இவ்வர்க்கத்தின் வேதமாக விளங்கியது தற்செயலன்று. ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டன் வெதுப்பகங்களில் இரவு முழுதும் உழைத்த கூலியாட்களின் அவலத்தையும், படிகாரம் கலந்த பாணையும் பற்றி மார்க்ஸ் 'மூலதன'த்தின் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் விரித்துரைத்துள்ளார். வீட்டிற் சுட்டது தூயது, கடையில் வாங்கியது ஐயத்துக்குரியது என்னும் எண்ணம் இச்சூழலில் வலுப்பெற்றது.

3. இலங்கையில்: சொற்கள் கூறும் வரலாறு

பாண், விசுக்கோத்து, போறணை, குசினி, தோசி ஆகிய சொற்கள் போர்த்துக்கேயர் வழி வந்தவை. கொக்கிஸ் ஒல்லாந்தச் சொல். பறங்கியர் சமூகத்தின் நத்தார்க் காலத்துப் புரூடர் ஒல்லாந்த மரபினது. லவ் கேக் எனப்படுவது ரவை, மரமுந்திரிப் பருப்பு, பூசணித் தோசி, பன்னீர், ஏலம், கராம்பு ஆகியன சேர்ந்த ஒரு கலவை. மரமுந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் கொணர்ந்தது. கராம்பும் ஏலமும் அவர்கள் தேடி வந்தவை. ஒரு துண்டு கேக்கில் மூன்று கண்டங்களின் வணிகம் அடங்கியுள்ளது.

பிரித்தானியர் காலத்தில் ஆங்கிலம் கற்ற வர்க்கத்தினர்க்குக் கேக் சமூகத் தகுதியின் சின்னமாயிற்று. 1929இல் முதலில் வெளியான 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூல் எழுதப்பட்ட மொழி ஆங்கிலம் என்பதே அதன் வாசகர் யாவர் என்பதைக் காட்டும். 1942இல் பர்மிய அரிசி நின்றுபோனபோது பங்கீட்டில் வந்த கோதுமை மா பொதுமக்களின் அடுக்களைக்குள் நுழைந்தது. அதன் பின்னரே சிரட்டைத் தணலைத் தாச்சியின் மேலும் கீழும் இட்டுக் கேக் சுடும் வழக்கம் கிராமங்களிலும் பரவத் தொடங்கியது. ஒரு வர்க்கத்தின் சின்னம் பரவும்போது, அச்சின்னத்துக்கு வேண்டிய மூலப்பொருள்களில் தங்கியிருக்கும் நிலையும் உடன் பரவுகின்றது. கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. கந்தளாயிலும் ஹிங்குரானவிலும் ஆலைகள் அமைக்கப்பட்டபோதிலும் சீனியின் பெரும்பகுதி இறக்குமதியாகவே இருந்து வந்துள்ளது.

4. யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, அந்நியச் சீனிக்கு எதிராக நமது பனங்கட்டி தூய்மையானது என முடிவு செய்வது எளிது. தேசியவாதம் அவ்வாறே முடிவு செய்யும். வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

பனங்கட்டி கருப்பநீரிலிருந்து பெறப்படுவது. பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியைக் கட்டினால் சாறு புளிக்காது இனிப்பாகவே இருக்கும். தொழிலாளி பருவகாலத்தில் காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறி இறங்குவான். அவனுடைய மனைவி சாற்றை வடித்து, தாச்சியிலிட்டு, அனலின் முன் நின்று பதம் வரும்வரை காய்ச்சுவாள். பனையோலைக் குட்டான்களை இழைத்து அவற்றில் வார்ப்பாள். மரம் பெரும்பாலும் அவர்களுடையதன்று, நிலமும் அவர்களுடையதன்று. சாதி அடிப்படையில் ஒடுக்கப்பட்ட மக்களின் இவ்வுழைப்பின் மீதே ஆடிக் கூழும் கொழுக்கட்டையும் பனங்காய்ப் பணியாரமும் இனித்தன. அவர்கள் காய்ச்சிய பனங்கட்டி பொங்கலிலும் மோதகத்திலும் சேர்ந்தது. அவர்களோ பெருங்கோயில்களுக்குள் நுழையத் தடுக்கப்பட்டனர். 1966 ஒக்ரோபர் 21 எழுச்சியும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும், தேநீர்க் கடைகளிற் சமமாக இருந்து அருந்துவதற்காக நிகழ்ந்த போராட்டங்களும் இவ்வுண்மையை நம் காலத்தின் முன் வைத்தன.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடல் இவ்வகையில் மீளவும் படிக்கத்தக்கது. பயறு வறுத்தல், அரிசி இடித்தல், மா வறுத்தல், தேங்காய் துருவல் என வேலையின் படிகளை அது துல்லியமாகக் காட்டுகிறது. பனங்கட்டியோடு வேலூர்ச் சர்க்கரையும் அதில் இடம்பெறுவதால், நாம் தன்னிறைவானது எனக் கருதும் கிராமமும் வணிகத் தொடர்பில் இருந்தமை புலனாகும். அகப்பையால் அள்ளி வார்க்கும் அன்னையை நாம் அங்கே காண்கின்றோம், மரமேறியவரைக் காண்பதில்லை. இது புலவரின் தனிப்பட்ட குறையன்று. உண்போன் நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது அடுக்களை வரையிலான உழைப்பே தெரிந்தது. அடுக்களைக்கு அப்பாலானது தெரியவில்லை.

அடுக்களைக்குட்பட்ட உழைப்பையும் மிகைப்பட இனிமையாக்கலாகாது. கலியாண வீட்டுப் பலகாரச்சூட்டில் உறவுப் பெண்களும் அயற்பெண்களும் கூடி, மா இடித்து அரித்து, பயற்றம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் சுட்டமை கூட்டுழைப்பின் அழகிய வடிவம் என்பதில் ஐயமில்லை. பாட்டும் பகடியும் அறிவுப் பரிமாற்றமும் அங்கு உண்டு. ஆயினும் அது ஊதியமற்ற உழைப்பு. சாதிக்கும் உறவு முறைக்கும் ஏற்ப யார் உரலண்டை நிற்பது, யார் அடுப்படியில் இருப்பது என வகுக்கப்பட்ட உழைப்பு.

5. இன்றைய நிலை

1970–1977 காலப்பகுதியின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போதும், 1990க்குப் பின்னர் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போதும் சீனி அரிதாயிற்று. பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் அருந்திய அனுபவம் ஒரு தலைமுறையின் நினைவிலுள்ளது. தட்டுப்பாட்டில் மட்டும் பனங்கட்டியை நினைவு கூர்ந்து, பின்னர் மறப்பது நமது வழக்கமாயிற்று. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் பின்னரும் மரமேறும் உழைப்பின் சமூக மதிப்பு பற்றிய வினா எஞ்சியே நிற்கின்றது.

2020 ஒக்ரோபரில் இறக்குமதிச் சீனியின் மீதான வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அரசு பெருந்தொகை வருமானத்தை இழந்தது. நுகர்வோன் அதற்கொத்த விலை வீழ்ச்சியைக் காணவில்லை. 2021 ஆகஸ்ட் இறுதியில் சீனி, அரிசிப் பதுக்கல் காரணமாக அவசரகால விதிகள் பிறப்பிக்கப்பட்டன. 2022இல் எரிவாயுவும் பால்மாவும் கோதுமை மாவும் ஒருங்கே எட்டாப் பொருளாயின. வீட்டிலிருந்தே கேக் செய்து விற்று வாழ்ந்த பெண்கள் இதனால் நேரடியாகத் தாக்கப்பட்டனர். அவர்கள் தொழில் முயல்வோர் எனப் புகழப்படுகின்றனர். ஆனால் மூலப்பொருளின் விலையையும் எரிபொருளின் விலையையும் அவர்கள் தீர்மானிப்பதில்லை. நட்டம் வரும்போது அதனைத் தாமே சுமக்கின்றனர். ஊதியம் பெறும் தொழிலாளிக்குள்ள பாதுகாப்பும் அவர்களுக்கில்லை.

ஆகவே, எளிய இனிப்பு என்பதன் எளிமை உழைப்பு குறைந்ததால் மட்டும் ஏற்பட்டதன்று. பெருமளவில் உழைப்பு கண்ணுக்கு அப்பால் நகர்த்தப்பட்டதால் ஏற்பட்டது. பணிப்பெண்ணின் கை பேக்கிங் தூளுக்குள்ளும், அடிமையினதும் கூலியினதும் முதுகு சீனிக்குள்ளும், மரமேறியின் நெஞ்சு பனங்கட்டிக்குள்ளும் மறைந்தன. இதனை எடுத்துரைப்பது இனிப்பை வெறுக்குமாறு போதிப்பதற்காக அன்று. குழந்தையின் கையில் ஓர் உருண்டையை வைப்பது மனித வாழ்வின் உயர்ந்த மகிழ்ச்சிகளுள் ஒன்று. அம்மகிழ்ச்சி அதனை ஆக்கியோர் அனைவருக்கும் உரியதாதல் வேண்டும். நமது சமையல் மரபுகளைத் தொகுக்கும் முயற்சிகள் இன்று பெருகியுள்ளன. அவை அளவுகளையும் பதங்களையும் மட்டும் பதிவு செய்து அமையாது, இடித்தவர், காய்ச்சியவர், ஏறியவர், வெட்டியவர் ஆகியோரது வாய்மொழியையும் அவர்கள் வாழும்போதே பதிவு செய்தல் வேண்டும். முதியோர் பலர் மறைந்துவரும் இவ்வேளையில் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க உடனடிப் பணி இதுவாகும்.