செப்டம்பர் 16: ஒரு தேதி, பல நாள்கள்



நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ராகு காலம், எமகண்டம், அமாவாசை, பௌர்ணமி, சீனர்களின் திதி, பள்ளி விடுமுறை என்று எல்லாமே அதில் இருக்கும். குதிரைப் பந்தயம் நடக்கும் நாளுக்குக்கூட ஒரு குட்டிக் குதிரைத் தலையை அச்சடித்து விடுவார்கள். ஆனால் மலேசியா என்ற நாடு பிறந்த தேதியை 2009ஆம் ஆண்டு வரை தீபகற்பத்தில் யாரும் விடுமுறை நாளாகப் பார்த்ததில்லை. வேலை நாள்களோடு ஒரு வேலை நாளாக அது வந்து போய்க் கொண்டிருந்தது.

நான் சொல்வது செப்டம்பர் 16ஆம் தேதியை. இந்த ஒரு தேதிக்கு உலகில் எத்தனை பேர் உரிமை கொண்டாடுகிறார்கள் என்று தேடிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. மெக்சிகோவுக்கு அது தேசிய நாள். பாப்புவா நியூகினிக்குச் சுதந்திர நாள். லிபியாவுக்குத் தியாகிகள் நாள். ஐக்கிய நாடுகள் சபைக்கு ஓசோன் படலப் பாதுகாப்பு நாள். ஒரு தேதி எப்படி ஒரு நாட்டுக்குச் சொந்தமாகிறது, அதை யார் குறிக்கிறார்கள், குறித்த பிறகு யார் மறக்கிறார்கள் என்பதுதான் இன்று என் பேச்சு.

முதலில் மெக்சிகோ. 1810ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில், டொலோரெஸ் என்ற சிற்றூரில் மிகுவெல் இடால்கோ என்ற பாதிரியார் தேவாலய மணியை அடிக்கச் செய்து, கூடிய மக்களை ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழும்படி அழைத்தார். அவர் வெற்றியைப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 30ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்று விட்டார்கள். உண்மையில் விடுதலை கிடைத்தது 1821 செப்டம்பர் மாதக் கடைசியில்தான். இருந்தும் மெக்சிகோ மக்கள் வென்ற நாளை விட்டுவிட்டு, மணியடித்த நாளையே தங்கள் பெருநாளாக வைத்துக் கொண்டார்கள். அந்த மணியை 1896ஆம் ஆண்டு தலைநகருக்குக் கொண்டு வந்து தேசிய மாளிகையில் மாட்டினார்கள். இன்றைக்கும் 15ஆம் தேதி இரவு அதிபர் மாடத்துக்கு வந்து அதை அடிக்கிறார். முதல் நாள் இரவே ஏன் என்று கேட்டால், பல ஆண்டுகள் ஆட்சி செய்த போர்ஃபிரியோ டியாஸின் பிறந்தநாள் 15ஆம் தேதி, அதனால்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே இருந்தாலும் சுவையான கதை.

லிபியாவின் நிலை வேறு. அங்கே தேதியைக் குறித்தவர்கள் எதிரிகள். திருக்குர்ஆன் ஆசிரியராக இருந்த ஒமார் முக்தார், இத்தாலியப் படையை எதிர்த்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாலைவனத்தில் போரிட்டவர். 1931 செப்டம்பர் 11ஆம் தேதி பிடிபட்டார். 15ஆம் தேதி விசாரணை, 16ஆம் தேதி சுலூக் என்ற இடத்தில் தூக்கு. மக்களைக் கூட்டி வைத்து, அவர்கள் கண்ணெதிரே அந்த முதியவரைத் தூக்கிலிட்டார்கள். பயம் வர வேண்டும் என்பதற்காகச் செய்தது, விழா நாளாகி விட்டது. ஆந்தனி குவின் நடித்து 1981இல் வெளிவந்த 'லயன் ஆஃப் தி டெசர்ட்' படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தப் படத்தின் நாயகர் இவர்தான்.

பாப்புவா நியூகினி நமக்கு அண்டை வீடு மாதிரி. எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாடு. ஆஸ்திரேலியாவின் நிர்வாகத்திலிருந்து 1975 செப்டம்பர் 16ஆம் தேதி விடுபட்டது. முதல் நாள் மாலை ஆஸ்திரேலியக் கொடியை இறக்கியபோது, நாட்டின் முதல் தலைமை ஆளுநராக வரவிருந்த சர் ஜான் கைஸ், நாங்கள் கொடியை இறக்குகிறோம், கிழித்தெறியவில்லை என்ற பொருளில் பேசினார். மறுநாள் ஏறிய கொடியை வரைந்தவர் சூசன் கரிக்கே என்ற பள்ளி மாணவி. வரைந்தபோது அவருக்கு வயது 15. ரத்தம் சிந்தாமல், கசப்பும் அதிகம் இல்லாமல் அமைந்த நாள் அது.

இனி நம் கதைக்கு வருவோம். இது பேரம் பேசிக் கிடைத்த தேதி.

1961 மே 27ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மான் சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களின் மதிய விருந்தில் பேசும்போது, மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ, புருணை, சரவாக் எல்லாம் நெருங்கி வர வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். அதன்பின் கோபோல்ட் ஆணையம் வந்தது, புருணையில் கலகம் வெடித்தது, புருணை விலகிக் கொண்டது. 1963 ஜூலையில் லண்டனில் மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தில் குறித்திருந்த தேதி செப்டம்பர் 16 அன்று. ஆகஸ்ட் 31. மலாயாவின் மெர்டேக்கா நாளும் புதிய நாடு பிறக்கும் நாளும் ஒன்றாக இருக்கட்டும் என்பது எண்ணம்.

இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் எதிர்த்தன. மணிலாவில் துங்கு, சுகர்னோ, மக்கபகால் மூவரும் கூடினார்கள். சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐக்கிய நாடுகள் சபை நேரில் அறிந்து சொல்லட்டும் என்று முடிவாயிற்று. அப்போது தலைமைச் செயலாளராக இருந்தவர் பர்மாவைச் சேர்ந்த ஊ தாண்ட். அவர் அனுப்பிய குழு ஆகஸ்ட் நடுவில் வேலையைத் தொடங்கியது. பார்வையாளர்கள் எத்தனை பேர் வரலாம் என்பதிலேயே சச்சரவு. ஆகஸ்ட் 31க்குள் வேலை முடியாது என்று தெரிந்துவிட்டது. எனவே ஆகஸ்ட் 29ஆம் தேதி, மலேசியா செப்டம்பர் 16ஆம் தேதி உருவாகும் என்று கோலாலம்பூரில் அறிவித்து விட்டார்கள். குழுவின் முடிவு வரும் முன்பே தேதி குறித்ததை ஊ தாண்ட் விரும்பவில்லை, அதை வெளிப்படையாகவும் சொன்னார். அவருடைய அறிக்கை செப்டம்பர் 14ஆம் தேதி வந்தது. பெரும்பான்மை மக்கள் மலேசியாவில் சேர விரும்புகிறார்கள் என்று அது கூறியது. நாடு பிறக்க இரண்டே நாள் இருக்கும்போது வந்த சான்றிதழ்!

இதற்கிடையில் ஆகஸ்ட் 31ஆம் தேதியைச் சும்மா விட மனமில்லாமல், சபா அன்றே தன்னாட்சியை அறிவித்துக் கொண்டது. சரவாக் அதற்கு முன்பே, ஜூலை 22ஆம் தேதி அதைப் பெற்றிருந்தது. சிங்கப்பூரும் அதே ஆகஸ்ட் 31ஆம் தேதி தற்காப்பு, வெளியுறவு அதிகாரங்கள் இப்போது தன் கையில் என்று சொல்லிக் கொண்டது. பதினாறு நாள் இடைவெளியில் இத்தனை நடந்தது.

செப்டம்பர் 16ஆம் தேதி கூச்சிங், ஜெசல்டன், சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய நகரங்களில் மலேசியப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. சிங்கப்பூரில் வாசித்தவர் லீ குவான் இயூ. அன்று அவருக்கு நாற்பது வயது நிறைந்தது. ஒரு தலைவருக்கு இப்படி ஒரு பிறந்தநாள் பரிசு வாய்ப்பது அரிது. அது நிலைக்கவில்லை என்பது வேறு. இரண்டு ஆண்டு முழுதாக நிறைவதற்குள், 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிங்கப்பூர் பிரிந்தது. (பிறந்தநாள் என்றதும் இன்னொருவரையும் சொல்லி விடுகிறேன். மதுரையில் 1916 செப்டம்பர் 16ஆம் தேதி பிறந்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி.)

கொண்டாட்டம் ஓயும் முன்பே ஜகார்த்தாவில் மலாயா, பிரிட்டிஷ் தூதரகங்கள் தாக்கப்பட்டன. மறுநாளே இந்தோனேசியாவுடன் தூதரக உறவு முறிந்தது. 'கொன்ஃபிரந்தாசி' என்று அன்றைய தலைமுறை சொல்லும் மோதல் 1966 வரை நீண்டது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாளை நாம் என்ன செய்தோம்? ஆகஸ்ட் 31ஆம் தேதியின் நிழலில் தள்ளி விட்டோம்.

பள்ளிப் புதிர்ப்போட்டிகளில் ஒரு கேள்வி வரும்: மலேசியா எப்போது சுதந்திரம் பெற்றது? 1957 என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். 1957இல் சுதந்திரம் பெற்றது மலாயா. மலேசியா என்ற நாடு அப்போது இல்லை. இது வெறும் எழுத்துப் பிழை மாதிரி தோன்றும். ஆனால் சரவாக்கிலோ சபாவிலோ உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே இருந்த ஒரு நாட்டில் இரண்டு மாநிலங்கள் பிற்பாடு வந்து ஒட்டிக் கொண்டன என்பது போல் அவர்கள் காதில் விழும். நாங்கள் சேர்ந்தவர்கள் அல்ல, சேர்ந்து உருவாக்கியவர்கள் என்பது அவர்கள் வாதம். கோத்தா கினபாலுவில் விமானம் விட்டு இறங்கினால், நம் நாட்டிலேயே நமக்குக் குடிநுழைவுச் சோதனை எதற்கு என்று தீபகற்பத்திலிருந்து போகிறவர்கள் அலுத்துக் கொள்வார்கள். நானும் அலுத்துக் கொண்டவன்தான். அந்த முகப்பு அங்கே இருப்பதற்குக் காரணம் 1963இல் பேசி எழுதிக் கொண்ட உறுதிமொழிகள். தேதியை மறந்தால் உறுதிமொழியும் மறந்து போகிறது.

இங்கேதான் ஓசோன் நாள் எனக்கு நினைவுக்கு வருகிறது. அதுவும் ஓர் உறுதிமொழியின் நாள். ஆனால் காப்பாற்றப்பட்ட உறுதிமொழி.

குளிர்சாதனப் பெட்டியிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் என்ற வாயு, சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் இருவர் எழுதினார்கள். ஒருவர் அமெரிக்கரான ஷெர்வுட் ரோலண்ட். மற்றவர் மரியோ மொலினா, மெக்சிகோ நகரில் பிறந்தவர். தயாரிப்பாளர்கள் நம்பவில்லை. 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் பெருமளவு குறைந்துவிட்டதைக் கண்டு சொன்ன பிறகுதான் உலகம் திடுக்கிட்டது. 1987 செப்டம்பர் 16ஆம் தேதி கனடாவின் மோன்ட்ரியல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது. 1994இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அந்தத் தேதியையே உலக நாளாக அறிவித்தது. 1995இல் மொலினாவுக்கும் ரோலண்டுக்கும் பால் குருட்சன் என்பவரோடு நோபல் பரிசு கிடைத்தது. தம் நாட்டின் பெருநாளும் தம் ஆராய்ச்சியால் பிறந்த நாளும் ஒரே தேதியில் அமைந்த மனிதர் மொலினா.

2009 செப்டம்பர் 16ஆம் தேதி தீமோர் லெஸ்தே அந்த உடன்படிக்கையை ஏற்றது. அத்துடன் அன்றைய உலக நாடுகள் அனைத்தும் அதில் சேர்ந்தாயிற்று. அப்படி முழுமை பெற்ற முதல் ஒப்பந்தங்களில் அதுவும் ஒன்று. வளரும் நாடுகள் அந்த வாயுவைக் கைவிட விதித்த கெடு 2010 தொடக்கம். அண்டார்டிகாவின் மேலே ஓசோன் 1980ஆம் ஆண்டின் அளவுக்கு 2066 வாக்கில் திரும்பக்கூடும் என்று 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

தீமோர் கையெழுத்திட்ட மறு மாதம், 2009 அக்டோபரில், பிரதமர் நஜிப் ரசாக் நாடாளுமன்றத்தில் மலேசிய தினத்தை நாடு முழுவதற்கும் பொது விடுமுறையாக அறிவித்தார். 2010இல்தான் முதல் விடுமுறை. நாடு பிறந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.

விடுமுறை கிடைத்தது, சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சபாவையும் சரவாக்கையும் மற்ற மாநிலங்களின் வரிசையிலேயே பட்டியலிட்டிருந்தது. அதை மாற்ற 2019 ஏப்ரலில் கொண்டு வந்த மசோதாவுக்கு 148 வாக்குகள் தேவை, கிடைத்தது 138. பிறகு 2021 டிசம்பர் 14ஆம் தேதி மீண்டும் வந்தது. அவையில் வாக்களித்த 199 உறுப்பினர்களும் ஆதரித்தார்கள், எதிராக ஒருவரும் இல்லை. மலேசிய தினம் என்றால் எந்த நாள் என்ற விளக்கமும் அந்தத் திருத்தத்தோடுதான் அரசியலமைப்புச் சட்டத்துக்குள் வந்தது.