மூக்குக்குள் ஒரு மீன் ஒட்டுண்ணியின் பங்காளி

சிவகங்கைப் பக்கத்திலிருந்து பெரியப்பா புதுச்சேரிக்கு எங்க வீட்டுக்கு வந்தது பீச் பார்க்க இல்லை. மூக்குக்குள் வளர்ந்த சதையை எடுக்க. அதுவும் மூணாவது தடவை. டாக்டர் லைட் அடிச்சுப் பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஊர்ல எங்கய்யா குளிப்பீங்க?"

"கம்மாய்லதான்."

"மாடும் அங்கதான் குளிக்குமா?"

பெரியப்பாவுக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. தன்னை அழுக்கு மனுஷன்னு சொல்லாம சொல்றாங்கன்னு நினைச்சுட்டார். ஆட்டோவில் வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. அன்னைக்கு ராத்திரிதான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

வியாதியின் பேர் ரைனோஸ்போரிடியோசிஸ். மூக்கில் (சிலருக்குக் கண்ணில்) சிவப்பா ஒரு சதை வளரும், தொட்டா ரத்தம் வரும். அது மேல ஊசிமுனை மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பை. முத்தின பைக்குள் ஆயிரக்கணக்கில் வித்துகள். வெட்டி எடுத்து அடியைச் சுட்டுவிடுவதுதான் முக்கிய வைத்தியம். கொஞ்சம் தங்கிட்டாலும் திரும்ப வளரும். உலகத்தில் இது அதிகம் இருக்கிற இடங்கள் தென்னிந்தியாவும் இலங்கையும். அதாவது குளத்தில் இறங்கிக் குளிக்கிற நம்ம ஊர்கள்.

ஆனா முதலில் கண்டு எழுதினது இங்கே இல்லை. 1900-ல் அர்ஜென்டினாவில், பியூனோஸ் ஐரெஸ் நகரத்தில், கியெர்மோ சீபர் என்கிற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் எழுதினார். இதை மலேரியாக் கிருமி வகையறாவில் ஒரு நுண்ணுயிர்னு நினைச்சாங்க. 1903-ல் கல்கத்தாவில் பார்த்த ஒரு நோயாளியைப் பத்தி ஓகினீலி என்ற டாக்டர் எழுதினார். 1923-ல் எடின்பரோவில் ஆஷ்வொர்த் இதன் வாழ்க்கைச் சுற்றை விளக்கி, பூஞ்சைனு முடிவு கட்டினார். அவர் ஆராய்ந்த சதை அங்கே படிச்சிட்டிருந்த ஓர் இந்திய மாணவருடையது!

அப்புறம் எழுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பாடப்புத்தகங்களில் பூஞ்சைதான். ஒரே ஒரு சிக்கல். எந்த ஆய்வுக்கூடத்திலும் பூஞ்சை மாதிரி இதை வளர்க்க முடியலை. 1990-களில் டெல்லி எய்ம்ஸில் அலுவாலியா, 'இது குளத்துப் பாசி சமாச்சாரம், நீலப்பச்சை நுண்ணுயிர்' என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

1999-லும் 2000-த்திலும் இரண்டு குழுக்கள் மரபணுவைப் படிச்சுப் பார்த்தாங்க. பூஞ்சையும் இல்லை, பாசியும் இல்லை. வம்சாவளியில் இதுக்குப் பக்கத்து வீடுகளில் இருந்ததெல்லாம் மீன் ஒட்டுண்ணிகள்! மீன் செவுளில் கட்டி கட்டியா உட்காரும் டெர்மோசிஸ்டிடியம், சால்மன் மீனைக் கொல்லும் 'ரோசெட்' கிருமி, இப்படி. இந்தக் கூட்டத்துக்கு மீசோமைசீட்டோசோவா என்று பேர். பூஞ்சைக் கிளையும் விலங்குக் கிளையும் பிரிஞ்சது சுமார் நூறு கோடி வருஷத்துக்கு முன்னாடி. இவை விலங்குக் கிளையின் அடிவாரத்தில், நம்ம பக்கம் தங்கிட்டவை. காளானைவிட நமக்குக் கிட்டத்துச் சொந்தம். பெரியப்பாகிட்ட இதைச் சொன்னப்போ, "நல்ல சொந்தம்டா" என்றார்.

சொந்தக்காரங்க ஊர் சுத்தின கதையும் உண்டு. அந்த ரோசெட் கிருமி முதலில் கண்ணில் பட்டது 1980-களில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சால்மன் பண்ணையில். ஐரோப்பாவில் அதைச் சுமந்து பரப்புவது சூடோராஸ்போரா பார்வா என்ற சுண்டுவிரல் நீளச் சீனத்து மீன் என்று 2005-ல் ஒரு குழு சொன்னது. 1960-களில் ருமேனியாவுக்குச் சீனக் கெண்டைக் குஞ்சு கொண்டுபோனப்போ, அதோட கலந்து போன டிக்கெட் இல்லாப் பயணி அது. அங்கேயிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவிடுச்சு. தனக்கு ஒண்ணும் ஆகாம, உள்ளூர் மீனுக்கு நோயைக் கொடுக்குது.

இதைப் படிச்சதும் என் மண்டையில் பல்பு எரிஞ்சுது. நம்ம ஊர் ஏரிகளில் விடுகிற வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் அந்தச் சீனக் கெண்டை வகைதானே! ஆனா அவை இந்தியாவுக்கு வந்தது 1959-ல். கல்கத்தாக் கேஸ் எழுதப்பட்டது 1903-ல். பழியை அந்த மீன் மேல போட முடியாது. பல்பு அணைஞ்சுது :-)

ஐரோப்பாவிலும் இந்த மூக்கு வியாதி ஒரு தடவை தலைகாட்டியிருக்கு. 1992-93-ல் செர்பியாவில் 17 பேருக்கு வந்தது. அவங்க குளிச்சது 'வெள்ளி ஏரி' என்ற ஒரே ஏரியில். நம்ம ஊரில் லட்சம் பேர் குளத்தில் குளிக்கிறாங்க, சிலருக்குத்தான் வருது. ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்குத் தொத்துறதும் இல்லை. தண்ணிக்குள் எந்த உயிர்கிட்ட இது குடியிருக்குன்னு இன்னும் யாரும் பிடிச்சுக் காட்டலை. எனக்குப் படுறது இதுதான்: மூக்கு டாக்டர் மூக்கைப் பார்க்கிறார், மீன்வளத்துறை மீனைப் பார்க்குது. கம்மாயை யார் பார்க்கிறது?

ஆபரேஷன் முடிஞ்சு நாலாம் நாள், மூக்கில் பஞ்சோட உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அழுக்கால வந்தது இல்லைங்க பெரியப்பா. நீங்க பாட்டுக்குக் குளிச்சீங்க, மூக்கில் சிராய்ப்பு ஏதாவது இருந்திருக்கும், அது வழியா புகுந்திருக்கு."

கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்ப மாட்டு மேல தப்பில்லையா?"

"மாட்டுக்கும் இதே வியாதி வருதாம் பெரியப்பா."

அன்னைக்கே ஊருக்கு போன் போட்டு, மாட்டு மூக்கை ஒரு தடவை பார்க்கச் சொன்னார்.