சிறுகுறிஞ்சான்: நாவின் சுவையிலிருந்து குருதிச் சர்க்கரை வரை

சித்த மருத்துவம் மதுமேகத்திற்கு வழங்கும் மூலிகைகளுள் சிறுகுறிஞ்சான் குறிப்பிடத்தக்கது. சர்க்கரைக்கொல்லி என்பது இதன் மற்றொரு பெயர். வடபுலத்தில் வழங்கும் 'குட்மார்' என்னும் பெயரும் இப்பொருளே தரும். எனினும் இப்பெயர் கொல்வதாகக் கூறும் சர்க்கரை நாவில் உணரப்படுவதா, குருதியில் உள்ளதா என்னும் வினா இத்தாவரத்தின் ஆய்வு வரலாறு நெடுகத் தொடர்கிறது.

ஐரோப்பியர் கண்டது நாவின் சர்க்கரையையே. இலையை மென்றபின் இனிப்புத் தெரியாமற்போவதை முதலில் குறித்தவர் வங்காளக் குடிமைப் பணியிலிருந்த தாவரவியலர் எட்ஜ்வொர்த். 1840களின் இறுதியில் இச்செய்தி இலண்டன் மருந்தியல் வட்டத்தை எட்டியது. நாற்பது ஆண்டுகளுக்குப்பின் உதகமண்டலத்தில் சென்னை அரசின் கொய்னா ஆய்வாளராயிருந்த டேவிட் ஹூப்பர் இதனை வேதியியல் முறையில் ஆராய்ந்தார். இலையை மென்றபின் சர்க்கரை மட்டுமன்றிக் கொய்னாவும் சுவையிழந்து சுண்ணக்கட்டிபோலாயிற்று என்கிறார். கொய்னாவோடு பணியாற்றியவருக்கே இச்சோதனை தோன்றியது இயல்புதான். இலையிலிருந்து அவர் பிரித்த பொருளே 1887இல் 'ஜிம்னெமிக் அமிலம்' எனப் பெயர் பெற்றது. அது ஒற்றைச் சேர்மமன்று, சப்போனின் வகைச் சேர்மங்களின் தொகுதி என்பது பின்னரே தெளிவாயிற்று.

இன்சுலின் கண்டறியப்பட்ட பின்னரே கவனம் குருதியின் பக்கம் திரும்பியது. 1930இல் மாஸ்கரும் கயுசும் இத்தாவரம் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டனர். பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது 1990இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்வாகும். இரண்டாம் வகை நீரிழிவுடைய 22 பேர் வழக்கமான மருந்துடன் நாள்தோறும் 400 மில்லிகிராம் இலைச்சாறத்தை 18 முதல் 20 மாதங்கள் உட்கொண்டனர். அவர்களுள் ஐவர் வழக்கமான மருந்தை நிறுத்த முடிந்தது. இம்முடிவு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்படவில்லை, எண்ணிக்கையும் சிறிது. விற்பனை விளம்பரங்கள் ஐவரைச் சொல்லி, எஞ்சிய பதினெழுவரை விட்டுவிடுகின்றன.

நாவின் புதிர் அவிழ்ந்தது அண்மையில்தான். மனித நாவின் இனிப்பு ஏற்பியில் ஜிம்னெமிக் அமிலம் பிணையும் இடத்தை 2014இல் ஜப்பானிய ஆய்வாளர் காட்டினர். எலிகளின் ஏற்பியில் அவ்வினை நிகழ்வதில்லை; எலிகளின் இனிப்புணர்வைத் தடுப்பது இதே இலையிலுள்ள குர்மாரின் என்னும் வேறொரு பெப்டைடு. ஆகவே உடற்பருமன் குறித்த எலி ஆய்வுகளில் உணவு குறைந்ததாகக் கூறப்படுமிடத்து, எச்சேர்மத்தால் குறைந்தது என்பதைத் தனியே நிறுவ வேண்டியுள்ளது.